ஈரப்பதம் நாற்பத்தொன்று

அக்டோபர் 27, திங்கள்

இருபத்து நான்கு வருடம் வாய் திறக்காமல் இருந்தது போதும். இனி நடப்பதைத் தேதி போட்டு எழுதி வைக்கப்போகிறேன். என்றாவது யாராவது கேட்டால் எடுத்துக் காட்ட ஒன்று வேண்டும்.

குருசுக்குப்பத்தில், கடலுக்கு இரண்டு தெரு தள்ளி, கஸ்பாரின் பட்டறை. ஹார்ப்சிகார்டு செய்கிறோம். பியானோவுக்கு முந்திய கருவி. பியானோவில் கட்டையை அழுத்தினால் சுத்தி வந்து கம்பியை அடிக்கும். இதில் ஒரு சிறு மரச்சட்டம் எழும்பி, அதில் செருகிய காக்கை இறகின் நுனி கம்பியைச் சுண்டிவிட்டு இறங்கும். புதுச்சேரியில் இதைக் காதால் கேட்டவர்கள் நூறு பேர் இருக்கமாட்டார்கள். வருடத்துக்கு இரண்டு செய்வோம். இரண்டும் கப்பல் ஏறிவிடும்.

நான் எம்.எஸ்ஸி. இயற்பியல். கல்லூரியில் எனக்கு வரவேண்டிய விரிவுரையாளர் வேலை துறைத் தலைவரின் மருமகனுக்குப் போனது. அவன் பெயரை எழுதி இந்த நோட்டைக் கெடுத்துக்கொள்ளவில்லை. எந்தக் கம்பிக்கு எவ்வளவு நீளம், எவ்வளவு இழுவை என்று கஸ்பாருக்குக் கணக்குப் போட்டுக் கொடுத்தவன் நான். பாரிஸிலிருந்து ஒரு பத்திரிகைக்காரர் வந்து பட்டறையைப் பற்றி நான்கு பக்கம் எழுதினார். படத்தில் என் முழங்கை இருக்கிறது.

பட்டறையில் எல்லோரும் அவரை முசே என்பார்கள், பிரெஞ்சில் ஐயா. நானும் அப்படித்தான் கூப்பிடுகிறேன். கஸ்பார் என்று எழுதுவது இங்கே மட்டும்.

கம்பிகளுக்குக் கீழே விரிந்திருக்கும் மெல்லிய பலகைதான் கருவியின் உயிர். அதன் நடுவில் ஒரு வட்டத் துளை. துளையில் ஈயத்தில் வார்த்த ஒரு ரோஜா. ரோஜாவுக்குள் செய்தவரின் பெயரின் முதலெழுத்துகள். நூற்றாண்டுகளாக இந்தக் கருவி செய்பவர்களிடம் இருக்கும் வழக்கம் இது. இருபத்து நான்கு வருடமும் கஸ்பாரின் எழுத்துகளே இருந்தன. இப்போது அவருக்குக் கை நடுங்குகிறது. மே 19 மாலை, எல்லோரும் வேலை முடித்துக் கை கழுவிக்கொண்டிருந்தபோது, தற்சமயம் பட்டறையில் இருக்கும் இந்தக் கருவிக்கு அமுதவல்லியின் எழுத்துகளை வார்க்கச் சொன்னார்.

“பலகை அவ கை வேலை. பேரும் அவளுதா இருக்கணும்.”

நான் சோப்பைத் தேடிக்கொண்டிருந்தேன்.

அமுதவல்லி வில்லியனூர் ஆசாரி வீட்டுப் பெண். பத்தாவது வரை படித்தவள். பதினைந்து வருடம் முன்பு மெருகு போடும் வேலைக்கு வந்தாள். இப்போது முப்பத்தெட்டு வயது. என்னை சார் என்பாள்.

அக்டோபர் 28, செவ்வாய்

மழை. சிலிண்டர் வரவில்லை. என் மனைவி ரொசாலி பாடம் நடத்தப் பள்ளிக்கூடத்துக்கு என் குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். நனைந்தபடி பட்டறைக்குப் போனேன். யாரும் ஏன் என்று கேட்கவில்லை.

அக்டோபர் 30, வியாழன்

நாள் முழுவதும் இறகு சீவினேன். காவலாளி ஏழுமலை கடற்கரையிலும் பூங்காவிலும் உதிர்ந்த காக்கை இறகுகளைப் பொறுக்கிப் பால் கவரில் போட்டுக் கொண்டுவருவார். அதில் தண்டு கெட்டியாக உள்ளதைத் தேர்ந்து, நுனியை அரிசி மூக்கு அளவுக்குச் சீவி, சட்டத்தில் செருகவேண்டும். ஒரு மயிரிழை அதிகம் சீவினால் ஒலி இளைத்துவிடும். குறைத்தால் அதட்டும். இந்தக் கருவியில் ஒவ்வொன்றும் முதல் தடவையிலேயே சரியாக அமைந்தது. இறகு காரணமில்லை. பலகை அப்படி. கீழ்ஸ்தாயிக் கட்டைகளை அழுத்தினால் ஒலி மரத்திலிருந்து இல்லாமல் தரையிலிருந்து வருவதுபோல் இருக்கிறது. உண்மையை எழுதுவது என்று ஆரம்பித்தபின் இதையும் எழுதத்தான் வேண்டும்.

படிப்பவருக்குப் புரிய ஒரு விஷயம் சொல்லவேண்டும். மரம் ஈரத்தில் விரியும், வறட்சியில் சுருங்கும். பலகை மூன்று மில்லிமீட்டர் கனம்கூட இல்லாத ஸ்ப்ரூஸ் மரம். நான்கு பக்கமும் சட்டத்தோடு ஒட்டியபின் அது அசைய இடமில்லை. ஈரத்தோடு ஒட்டிவிட்டால், பின்னால் வறண்ட ஊருக்குப் போகும்போது சுருங்கி வெடித்துவிடும். நன்றாக வறளவைத்து ஒட்டினால் பயமில்லை. ஈரமான நாளில் லேசாக உப்பும், அவ்வளவுதான். நம் ஊர்க் கடற்காற்றில் கத்திரி வெயிலில்கூட ஈரப்பதம் அறுபதைவிட்டு இறங்காது. அதற்காகப் பட்டறையில் ஒரு சூட்டறை உண்டு. அதில் இருபது குண்டு பல்புகள் மூன்று நாள் எரிந்தால் ஈரமானியின் முள் நாற்பதுக்கு வரும். நாற்பத்தைந்துக்கு மேல் இருந்தால் ஒட்டக்கூடாது. இது கஸ்பார் வைத்த சட்டம்.

பலகையை ஒட்டச் சூடாகப் பூசும் வஜ்ஜிரப் பசை இரண்டு நிமிடத்தில் இறுகிவிடும். ஒட்டுகிறவர் பசையையும் பலகையையும்தான் பார்க்கமுடியும். அதனால் முள்ளைப் பார்த்து எண்ணைப் பதிவேட்டில் எழுதுவது இன்னொருவர் வேலை. ஒட்டியவர் பக்கத்தில் கையெழுத்துப் போடுவார்.

இந்தப் பலகை மே 20 காலை ஒட்டப்பட்டது. பதிவேட்டில் 41 என்று இருக்கிறது. பக்கத்தில் அமுதவல்லியின் கையெழுத்து.

நவம்பர் 3, திங்கள்

மதியம் மின்சாரம் போய்விட்டது. மெருகு போடும் இரண்டு பேரும் அலுத்துக்கொண்டார்கள். இறகுக் கவரோடு உள்ளே வந்த ஏழுமலை, இதெல்லாம் ஒரு கரண்டு கட்டா என்றார்.

“கத்திரில டிரான்ஸ்பார்மர் வெடிச்சி ராத்திரி பூரா இருட்டுல கெடந்தமே, அத்த வுடவா இது.”

அமுதவல்லி உளியைக் கீழே வைத்தாள். எந்த ராத்திரி என்று கேட்டாள்.

“முசே ரோஜா பேச்சு பேசினாரே, அன்னிக்கி ராத்திரிதாம்மா. விடியற நேரத்துலதான் வந்துது.”

அவள் முகத்தில் கணக்கு ஓடுவது எனக்குத் தெரிந்தது. என் பக்கம் திரும்பினாள்.

“சார், மறுநாள் காலைல நீங்கதானே மொதல்ல வந்தீங்க? சூட்டறை எப்படி இருந்துச்சு?”

எல்லா பல்பும் எரிந்துகொண்டிருந்தது என்றேன். அது பொய்யில்லை. நான் போனபோது எரிந்துகொண்டுதான் இருந்தது. ஏழுமலை எந்த ராத்திரியைச் சொல்கிறாரோ, சில ராத்திரிகள் அவருக்கு ஒன்றாகக் கலந்துவிடும் என்றும் சொன்னேன்.

“நான் அன்னிக்கிக் குடிக்கல சார்.”

“குடிச்சீங்கன்னு நான் சொல்லலியே.”

மெருகுக்காரர்கள் சிரித்தார்கள். அமுதவல்லி சிரிக்கவில்லை. ஆனால் உளியை மறுபடி கையில் எடுத்துக்கொண்டாள். ஏழுமலை கவரை என் மேசையில் வைத்துவிட்டு வெளியே போனார்.

நவம்பர் 4, செவ்வாய்

எந்த ஈரமானியும் முழுவதும் சரியாகக் காட்டாது. ஐந்து புள்ளி இப்படியும் அப்படியும் இருக்கும். படித்தவர்களுக்கு இது தெரியும்.

காலையில் ஒரு தாளில் சும்மா கணக்குப் போட்டுப் பார்த்தேன். பலகையின் அகலம் எண்பது சென்டிமீட்டர். குளிர்காலத்தில் சூடேற்றிய தேவாலயத்தில் ஈரப்பதம் இருபத்தெட்டு என்று வைத்துக்கொள்வோம். நாற்பத்தொன்றில் ஒட்டிய பலகை அங்கே இரண்டு மில்லிமீட்டர் சுருங்கப் பார்க்கும். அதைத் தாங்கும். ஓர் ஒப்பீட்டுக்காக அறுபத்தாறிலிருந்தும் போட்டேன். ஏழு வந்தது.

தாளைக் கிழித்துவிட்டேன். வீட்டில் ஏற்கெனவே குப்பை அதிகம்.

நவம்பர் 8, சனி

அமுதவல்லிக்கு பாஸ்போர்ட் வந்துவிட்டது. எல்லோருக்கும் பாதுஷா கொடுத்தாள். கருவி இருபதாம் தேதி வியாழக்கிழமை பட்டறையைவிட்டுக் கிளம்புகிறது. போகும் இடம் ஸ்விட்சர்லாந்தில் ஒரு மலை ஊர்த் தேவாலயம். ஈஸ்டரன்று அங்கே முதல் வாசிப்பு. ஜனவரியில் அவள் போய் மூன்று வாரம் தங்கி, சுருதி சேர்த்து, இறகுகளைச் சரிசெய்து கொடுக்கவேண்டும். திரும்பி வந்ததும் பட்டறைப் பொறுப்பை அவளிடம் விடப்போவதாகக் கஸ்பார் சொன்னார். என்னிடம் சொல்லவில்லை. நான் அங்கே இருக்கும்போது சொன்னார்.

ஸ்வெட்டர் வாங்கிவிட்டாளாம். தெருவோரம் நேபாளிகளிடம் வாங்கிய நீல ஸ்வெட்டர். போட்டுக் காட்டினாள். பிறகு என் மேசைக்கு வந்தாள்.

“சார், அங்க ஜனவரில ஹீட்டர் போட்டுடுவாங்களாம். உள்ள ஈரம் எவ்ளோ இருக்கும்?”

“இருபத்தெட்டு. முப்பது.”

“தாங்கும்ல சார்?”

நாற்பத்தொன்றில் ஒட்டிய பலகை தாங்கும் என்றேன். இதில் எந்த இடத்திலும் பொய் இல்லை. இதை எழுதும்போதும் தேடிப் பார்த்துவிட்டேன்.

“நீங்க சொல்லிட்டா சரி. நான் ராத்திரில கண்ண மூடுனா டப்புனு வெடிக்கிற சத்தமே கேக்குது. எங்க வீட்டுக்காரர் கிண்டல் பண்றாரு.”

பாதுஷாவை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். ரொசாலி சாப்பிட்டாள்.

நவம்பர் 12, புதன்

தேவாலயத்து இசைக்கலைஞர் மதாம் கிளோத் நேற்று இரவு வந்து இறங்கினார். இன்று பத்து மணிக்குப் பட்டறை. வயது அறுபது இருக்கும். காலணியைக் கழற்றிவிட்டு, அரை மணி நேரம் யாரையும் பார்க்காமல் வாசித்தார். முடித்தபின் கையைக் கட்டைகள் மேலிருந்து எடுக்கவில்லை. கருவியில் ஒலி அடங்குவதைக் கேட்டுக்கொண்டே இருந்தார். கஸ்பார் அழுதார். வயதானவர், அழட்டும். அமுதவல்லி முந்தானையைக் கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

இருபத்து நான்கு வருடத்தில் இந்தப் பட்டறையில் இதற்கு இணையாக எதுவும் செய்ததில்லை. எனக்கு அது பலகை ஒட்டிய மறுநாளே தெரியும். விரலால் தட்டினால் போதும், தெரிந்துவிடும்.

மதாம் பதிவேட்டைக் கேட்டார். அந்தப் பக்கத்தின் நகலைக் கருவிக்குள்ளேயே ஒட்டி வைப்பது வழக்கம். நாளைக்குப் பழுது பார்ப்பவருக்கு உதவும். நாற்பத்தொன்றின் மேல் விரலை வைத்து, முள்ளைப் பார்த்தது செய்தவரேதானா என்று பிரெஞ்சில் கேட்டார். கஸ்பார் அதைத் தமிழில் சொன்னார். அமுதவல்லி இல்லை என்று தலையை ஆட்டினாள்.

“நான் பாக்கவே இல்லன்னு சொல்லுங்க முசே. பாத்தது சார். சார் சொன்னா அதுக்கு மேல பாக்க வேண்டியதில்லன்னு சொல்லுங்க.”

கஸ்பார் அதை அழகான பிரெஞ்சில் சொன்னார். அவள் சொன்னதைவிட அழகாகவே சொன்னார். மதாம் எழுந்து வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். உள்ளங்கை வறண்டிருந்தது. என்னுடையது வறண்டிருக்கவில்லை.

ஏழுமலையைக் காணோம். மதாம் இருக்கும் நாட்களில் பின்வாசலிலேயே இருக்கச் சொல்லிவிட்டாராம் கஸ்பார். குடித்துவிட்டு விருந்தாளி முன்னால் அந்தக் கரண்டு கதையை எடுத்துவிடப்போகிறாரே என்று அவருக்குப் பயம். கிளம்பும்போது பின்வாசல் வழியாகப் போனேன். மழையில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். எழுந்து நின்றார். எனக்கு எப்போதும் எழுந்து நிற்பவர்தான்.

நவம்பர் 13, வியாழன்

வேலைக்குப் போகவில்லை. காய்ச்சல் என்று சொல்லி அனுப்பினேன்.

நவம்பர் 15, சனி

மதாம் நேற்று ஊருக்குத் திரும்பிவிட்டார். புதன்கிழமை பெட்டியில் வைத்து ஆணி அடிப்பார்கள்.

மே 20 பற்றி முழுமையாக எழுதிவிடுகிறேன். நோட்டு இதற்குத்தானே.

முதல் நாள் இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. புழுக்கம். காலை ஆறு மணிக்குப் பட்டறைக்குப் போனேன். மின்சாரம் அப்போதுதான் வந்திருந்தது. இருபது பல்பும் எரிந்தன. சூட்டறைக்குள் கையை நீட்டினால் சூடாகத்தான் இருந்தது. முள் அறுபத்தாறில் இருந்தது. ஈரமானியைத் தட்டிப் பார்த்தேன். அறுபத்தாறு. பலகையைத் தொட்டேன். இரவு முழுவதும் கடற்காற்றைக் குடித்த மரம் விரலுக்குத் தெரியும். குளிர்ந்து, லேசாகக் கனத்திருந்தது.

இதற்கு நான் சொல்லவேண்டியிருந்தது ஒரே ஒரு வாக்கியம். இன்று வேண்டாம், மூன்று நாள் கழித்து ஒட்டலாம். அவ்வளவுதான்.

ஒன்பது மணிக்கு அமுதவல்லி வந்தாள். குளித்து, பூ வைத்துக்கொண்டு வந்திருந்தாள். ரோஜா பேச்சுக்கு மறுநாள் அல்லவா. பசையைக் கிளறிக்கொண்டே வெளியிலிருந்து கேட்டாள்.

“சார், எவ்ளோ?”

அப்போது முள் ஐம்பத்தெட்டு.

“நாப்பத்தொண்ணு.”

ஏன் நாற்பது என்றோ நாற்பத்திரண்டு என்றோ சொல்லவில்லை என்று யோசித்துப் பார்த்தேன். நாற்பத்தொன்றைக் கேட்டால் உண்மைபோல இருக்கிறது. அதற்குமேல் யோசிக்கவில்லை. அன்று காலை எனக்குத் தலைவலி இருந்தது. மின்வாரியத்தின் பொறுப்பும் இதில் உண்டு. ஒட்டுபவர் எட்டிப் பார்க்கவே கூடாது என்று சட்டம் ஒன்றும் இல்லை.

நவம்பர் 16, ஞாயிறு

பூசைக்குப் போய்வந்து, மதாம் கிளோத்துக்கு ஒரு கடிதம் எழுதினேன். பிரெஞ்சில் இரண்டு பக்கம். கருவியை ஏற்றுக்கொள்வதற்குமுன் பலகையைச் சோதிக்கவேண்டும் என்றும், இந்தப் பட்டறையில் படித்தவர்களுக்கு மதிப்பில்லாமல் போனதால் வரும் விளைவுகள் என்ன என்றும் விளக்கியிருந்தேன். என் பெயரை எங்கும் போடவில்லை. நலம் விரும்பி என்று முடித்தேன்.

எழுத்துப் பிழை பார்க்க ரொசாலியிடம் கொடுத்தேன். அவள் பிரெஞ்சு டீச்சர். சமையலறை மேசையில் உட்கார்ந்து, பழக்கதோஷத்தில் சிவப்புப் பேனாவை எடுத்தாள். இரண்டு பக்கமும் படித்தாள். பிறகு முதலிலிருந்து மறுபடி படித்தாள்.

“பிழை நாலுதான். மருமகனுக்கு வேலை கொடுத்த கதை இந்தம்மாவுக்கு எதுக்கு?”

பின்னணி தெரியவேண்டும் என்றேன்.

“பின்னணி ஒன்றரை பக்கம் இருக்கு. கரண்டு போனது ஒரு வரி. அதுக்கு அடுத்த வரியில அமுதா பாத்திருக்கணும்னு எழுதியிருக்கீங்க.” பேனாவை மூடினாள். “முள்ள யாரு பாத்தா?”

காபி ஆறிவிட்டது என்றேன்.

“முள்ள யாருங்க பாத்தா?”

ஆறின காபியை எடுத்துக் குடித்தேன். அவள் கொஞ்சநேரம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். முப்பது பிள்ளைகளை வருடாவருடம் அப்படிப் பார்த்துப் பழகியவள். பிறகு கடிதத்தை நான்காக மடித்து என் சட்டைப் பையில் வைத்தாள்.

“இத அந்தம்மா படிச்சா அமுதாவ நம்பக்கூடாதுன்னு தெரிஞ்சுக்குவாங்க. பலகை அப்படியேதான் இருக்கும். ஜனவரில அந்தப் பொண்ணு ஸ்வெட்டரப் போட்டுக்கிட்டு அது பக்கத்துலதான் நிக்கும்.”

இரவு சாப்பிடும்போது, வெடித்தால் எப்படி இருக்கும் என்று கேட்டாள். துப்பாக்கி மாதிரி ஒரே ஒரு சத்தம் என்றேன். ரோஜாவிலிருந்துதான் பிளவு ஆரம்பிக்கும், துளை இருக்கும் இடத்தில்தான் பலகைக்குப் பலம் குறைவு என்றேன். இயற்பியல்தான் சொன்னேன். அவள் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள்.

நவம்பர் 17, திங்கள்

பாதி நாள் விடுப்பு எடுத்தேன்.

காலையில் கணக்குப் போட்டேன். கம்பிகளைக் கழற்ற ஒரு வாரம். வஜ்ஜிரத்தை ஈரத் துணியும் சூட்டுக் கத்தியும் வைத்து இளக்கிப் பலகையை எடுக்க இரண்டு வாரம். அதைப் பிளக்காமல் எடுக்கக்கூடிய கை இந்த ஊரில் ஒன்றுதான் இருக்கிறது. சூட்டறையில் வைத்து மறுபடி ஒட்டி, கம்பி பூட்டி, இறகு சீவ ஒன்றரை மாதம். விமானத்தில் அனுப்பினால் ஈஸ்டருக்குப் போய்ச் சேர்ந்துவிடும். இன்றோ நாளையோ தெரிந்தால் எல்லாம் முடியும். புதன்கிழமை பெட்டியில் ஆணி அடித்து, வியாழக்கிழமை லாரி கிளம்பிவிட்டால் முடியாது.

இரண்டு பக்கக் கடிதத்தை அடுப்பில் போட்டேன். புதிதாகத் தமிழில் எழுதினேன். முழுவதையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

‘அமுதவல்லிக்கு. மே 20 அன்று பதிவேட்டில் எழுதிய 41 பொய். காலை ஆறு மணிக்கு 66, நீ ஒட்டும்போது 58. ஏழுமலை சொன்னது சரி, இரவு முழுவதும் மின்சாரம் இல்லை. பலகையைப் பிரித்து மறுபடி ஒட்டாமல் அனுப்பாதே. உன் வேலையில் குறை எதுவும் இல்லை.’

கடைசி வரியை இரண்டு தடவை அடித்தேன். மூன்றாவது தடவை எழுதியபின் விட்டுவிட்டேன்.

கஸ்பாருக்கு அனுப்பலாமா என்று யோசித்தேன். அவர் மொட்டைக் கடிதம் என்றால் படிக்காமல் கிழித்துப் போடுவார். அமுதவல்லி படிப்பாள். முத்தியால்பேட்டையில் அவள் வீடு எங்கள் வீட்டிலிருந்து மூன்று தெரு. மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குத்தான் போவாள். ரொசாலி பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பும்போது கடிதத்தைப் படித்துவிட்டு, வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள்.

“தபால்ல போட்டா நாளைக்கோ நாளன்னைக்கோ. நடந்து போனா பத்து நிமிஷம்.”

நடந்து போகலாம். போனால் கதவைத் திறந்து உள்ளே வாங்க சார் என்பாள். நாற்காலியை இழுத்துப் போடுவாள். நான் சொல்லி முடித்ததும் ஒரே ஒரு கேள்வி கேட்பாள். ஏன் சார் என்று கேட்பாள். பதினைந்து வருடமாக அவள் என்னிடம் கேட்ட எல்லாவற்றுக்கும் நான் பதில் சொல்லியிருக்கிறேன். கடிதத்திடம் யாரும் எதையும் கேட்கமுடியாது.

தபால்காரர் மழை என்றும் பார்க்காமல் வருகிறார். போன வாரம் ஒருநாளும் தவறவில்லை. தலைமைத் தபால் நிலையத்துப் பெட்டியில் மூன்றரைக்கு முன் போட்டால் உள்ளூர்க் கடிதம் மறுநாள் கைக்கு வந்துவிடும் என்று ஜன்னலில் விசாரித்துக்கொண்டேன். செவ்வாய். தப்பினால் புதன் மதியம், ஆணி அடிப்பதற்கு முன்னால்.

என் கையெழுத்தை அவள் பார்த்த உடனே கண்டுகொள்வாள். பதிவேட்டில் பாதிப் பக்கம் நான் எழுதியது. அதை மாற்றி எழுத முயலவில்லை. ரொசாலியை எழுதச் சொல்லவும் இல்லை. நாளை மாலை பட்டறையில் அவள் என்னை எப்படிப் பார்ப்பாள் என்பதையும் யோசித்துவிட்டேன். எழுத்து யாருடையது என்று அவளாகத் தெரிந்துகொள்வது வேறு. அந்த ஐந்து வாக்கியத்துக்குக் கீழே இன்னாசி என்று என் பெயரை என் கையால் எழுதுவது வேறு. பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன்.

மணி இரண்டே முக்கால். உறையை ஒட்டிவிட்டேன். அடியில் பெயர் இல்லை. அப்படியே பெட்டியில் போடப்போகிறேன்.